மொய் நோட்டில் ஒரு வெளிநாட்டுப் பெயர்

குடியாத்தம்
வெள்ளிக்கிழமை இரவு

அன்புத் தோழிக்கு,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. மூன்று தடவை படித்துவிட்டேன். இங்கே எல்லோரும் சுகம். முட்டி வலி அப்படியேதான் இருக்கிறது, சர்க்கரை மட்டும் கட்டுக்குள் வந்திருக்கிறது. கொல்லையில் இலவம்பாடி முள்ளுக் கத்தரிக்காய் நாலு செடி வைத்தேன், நல்ல காய்ப்பு. பெரியவனுக்கு ராணிப்பேட்டைக்கு மாற்றலாகிவிட்டது. வீட்டுச் செய்தி அவ்வளவுதான். வெளிநாட்டுக் கிராமம் ஒன்றின் கிறிஸ்தவக் கோயில் கூரைக்கு உங்கள் சபை பணம் திரட்டலாமா என்று நீ கேட்ட விஷயத்துக்கு வருகிறேன்.

ருமேனியா நாட்டின் திரான்சில்வேனியாவில் உங்கள் சபையோடு இணைந்த அந்த ஹங்கேரியர் கிராமத்துக்குப் போய் வந்ததை நீ எழுதியிருந்த விதம், நானும் கூட வந்த மாதிரி இருந்தது. ஹோமொரோத் ஆற்றங்கரை ஊர், வெள்ளைச் சுவர்க் கோயில், ஆண்கள் ஒரு பக்கம் பெண்கள் ஒரு பக்கம். நம் ஊர்க் கோயிலிலும் அப்படித்தானே உட்காருகிறோம்! பாய் போய் பெஞ்சு வந்தது, பக்கம் மட்டும் மாறவில்லை. வருஷத்துக்கு நாலே தடவைதான் அப்பமும் ரசமும் பகிரும் திருவிருந்து, அதில் ஒன்று அறுவடை நன்றிக்காக என்று எழுதியதைப் படித்ததும் நம் அறுப்பின் பண்டிகைதான் ஞாபகம் வந்தது. பூசணிக்காயையும் நாட்டுக்கோழியையும் ஏலம் விடும்போது நீ ஒற்றை முட்டைக்கு ஐம்பது ரூபாய் கேட்டு, உன் அம்மாவிடம் வாங்கிக் கட்டிக்கொண்டாயே.

தேவன் ஒருவரே, திரித்துவம் இல்லை என்னும் யூனிடேரியன் சபையில் நீ சேர்ந்தபோது எனக்கு வருத்தம்தான். பிதா, குமாரன், பரிசுத்த ஆவி என்று சொல்லி வளர்ந்தவள் நான், இன்றும் அதில்தான் நிற்கிறேன். ஆனால் 1568-ல் தோர்தா என்ற ஊரில் கூடிய மன்றம், விசுவாசம் தேவன் தரும் வரம், அதற்காக யாரையும் துன்புறுத்தக் கூடாது, ஊரார் தங்களுக்கு ஏற்ற போதகரை வைத்துக்கொள்ளலாம் என்று முடிவு செய்ததே, அதை மதிக்காமல் இருக்க முடியவில்லை. அங்கே நின்று பேசிய யூனிடேரியன் போதகர் தாவித் ஃபெரென்ஸ் பதினோரு வருஷம் கழித்து தேவா என்ற ஊர்க் கோட்டைச் சிறையில் செத்தார் என்பதைப் படித்த இடத்தில் கடிதத்தை மடித்து வைத்துவிட்டேன்.

உன் சபையாரிடம் இதையும் சொல்லு. இந்த யூனிடேரியன் கொள்கை நம் தமிழ் மண்ணுக்குப் புதிதில்லை. திருவேங்கடமாகப் பிறந்து வில்லியம் ராபர்ட்ஸ் ஆன ஒரு தமிழர், இங்கிலாந்து போய் வந்தவர், 1795-லேயே சென்னையில் யூனிடேரியன் சபை தொடங்கினார். 1813-ல் புரசைவாக்கத்தில் கோயிலும் கட்டினார். எந்த மிஷனரியும் வந்து அவருக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை. புத்தகம் படித்துத் தானே அந்த முடிவுக்கு வந்து, பிறகுதான் இங்கிலாந்துக்காரர்களோடு கடிதப் போக்குவரத்து. நம் பக்கத்துச் சபைகளைத் தொடங்கிய அமெரிக்க ஆற்காடு மிஷன் வந்ததே 1853-ல்தான், பார்த்துக்கொள்.

அந்த ஊர்க் கோயில் கூரைக்குப் பணம் திரட்டலாமா, எவ்வளவு, எப்படி என்று கேட்டிருக்கிறாய். 1920-களிலேயே அமெரிக்கச் சபைகள் அந்த ஊர்களோடு கைகோத்ததையும், யுத்தமும் கம்யூனிஸ்டு ஆட்சியும் அதை அறுத்துப் போட்டதையும், 1989-க்குப் பிறகு மறுபடி துளிர்த்ததையும் நீயே எழுதியிருக்கிறாய். இத்தனை பாடுபட்டு மீண்ட உறவு என்பதால்தான், இதுவரை யாரிடமும் சொல்லாத ஒன்றை உனக்குச் சொல்கிறேன்.

எங்கள் சபைக்கு ஒரு வெளிநாட்டுச் சபை தண்ணீர்த் தொட்டி கட்டிக் கொடுத்தது உனக்குத் தெரியும். நல்ல மனசோடுதான் கொடுத்தார்கள். அதற்கு 350 அடி ஆழ்துளைப் போர் போட்டார்கள், இரண்டாவது கோடையில் வற்றிவிட்டது. பாலாறே மணலாகக் கிடக்கும்போது போர் என்ன செய்யும்? அதை எழுத யாருக்கும் தைரியம் வரவில்லை. அடுத்த உதவி நின்றுவிடும் என்று கமிட்டியில் பேச்சு. இங்கிலீஷ் தெரிந்தவள் நான்தான். நாலு வருஷம், கிறிஸ்துமஸ் தோறும், 'உங்கள் தண்ணீரைக் குடித்து உங்களுக்காக ஜெபிக்கிறோம்' என்று என் கையால்தான் எழுதினேன்.

ஐந்தாம் வருஷம் அவர்களே வந்தார்கள். முந்தின ராத்திரி லாரித் தண்ணீர் வாங்கித் தொட்டியை நிரப்பினோம். காலையில் ஒரு வயசான அம்மா குழாயைத் திறந்து, கை குவித்துக் குடித்து, கண்ணை மூடிக்கொண்டார். தாடையிலிருந்து சொட்டின தண்ணீர் சட்டையை நனைத்தது, துடைக்கக்கூட இல்லை. நான் பக்கத்தில் நின்றேன். என் வாழ்க்கையில் அவ்வளவு வெட்கப்பட்டது கிடையாது.

அதே அம்மாதான் அன்று மாலை பக்கத்துத் தெருக் கல்யாணத்துக்கு வந்தார். மொய் எழுதுகிற பையன் முன்னால் வரிசையில் நின்று 101 ரூபாய் கொடுத்து, பேரைச் சொல்லி எழுத வைத்தார். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை, எல்லோரும் செய்வதைப் பார்த்துச் செய்தார். இரண்டு வருஷம் கழித்து அவர் பேத்திக்குக் கல்யாணம் என்று கடிதம் வந்ததும் அந்த வீட்டுக்காரி நோட்டை எடுத்துக்கொண்டு என்னிடம் ஓடி வந்தாள். 'அக்கா, இவங்களுக்கு நாம திருப்பி வைக்கணும்.' ஆரணிப் பட்டு ஒன்று எடுத்து அனுப்பினோம். தபால் செலவு சேலை விலையில் பாதி. அவள் ஒரு வார்த்தை முணுமுணுக்கவில்லை. எழுதின மொய்யைத் திருப்பாமல் இருந்தால் ஊரில் தலைகாட்ட முடியுமா?

அந்தச் சேலை போன பிறகுதான், தொட்டி வற்றின கதையை அந்த அம்மாவுக்கு எழுத எனக்குக் கை வந்தது. அவர் கோபிக்கவில்லை. முதல் வருஷமே சொல்லியிருக்கலாமே என்று மட்டும் கேட்டார். தொட்டிக்கு நாங்கள் திருப்பிச் செய்ய ஒன்றும் இல்லை, அதனால் வாய் அடைத்துப் போயிருந்தோம். சேலை கொடுத்த கைக்கு உண்மையை எழுதவும் தெம்பு வந்தது. கொள்வினை கொடுப்பினை என்று நம்மவர்கள் சொல்வது கல்யாணத்துக்கு மட்டும் இல்லையடி.

அதனால் கூரைக்குப் பணம் அனுப்புவதை வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். குளிர் தேசம், கூரை வேண்டும். ஆனால் அவர்களிடம் உங்களுக்கு என்ன வேண்டும் என்று முதலில் கேளுங்கள். அந்தப் போதகர் உங்கள் ஊருக்கு வந்து ஒரு மாதம் பிரசங்கிக்கட்டும். பண்டிகைக்கு அப்பம் சுடுவதை அந்தப் பெண்களிடம் உங்கள் பிள்ளைகள் கற்றுக்கொள்ளட்டும். உங்கள் சபையில் ஆள் குறைகிறது, சண்டை நடக்கிறது என்று எழுதியிருந்தாயே, அதையும் அவர்களுக்கு எழுதுங்கள், அவர்கள் உங்களுக்காக ஜெபிக்கட்டும். உங்கள் குறையை நீங்கள் மறைத்தால் அவர்கள் குறையை எப்படிச் சொல்வார்கள்? நன்றிக் கடிதம் மட்டுமே வந்துகொண்டிருந்தால் யாராவது நேரில் போய்க் குழாயைத் திறந்து பாருங்கள், முன்கூட்டித் தகவல் சொல்லாமல்.

தன் கட்டிலை உனக்கு விட்டுக்கொடுத்துவிட்டு அடுப்படியில் படுத்தாரே போதகரின் மனைவி, அவருடைய விலாசத்தை அனுப்பு. நான் தமிழில் எழுதுகிறேன், நீ இங்கிலீஷில் போடு, அங்கே யாராவது ஹங்கேரிய மொழிக்கு மாற்றிக்கொள்ளட்டும். எங்கள் ஊர்த் தறியில் நெய்த துண்டு ஒன்றும் வைத்து அனுப்புகிறேன். என் சினேகிதிக்குப் படுக்கை கொடுத்தவர், அந்தக் கணக்கு என் பேரில் இருக்கட்டும்.

அறுப்பின் பண்டிகைக்கு இந்தத் தடவையாவது வா. காட்பாடிக்கு வண்டி அனுப்புகிறேன்.

அன்புடன்,
உன் பழைய ஹாஸ்டல் அறைத்தோழி