நிலவில் மனை போடுமுன் ஒரு துளை போடுங்கள்: நாசாவுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய நாசா நிலவுத் திட்டப் பொறுப்பாளர்களுக்கு,

வணக்கம். நிலவின் தென் துருவத்தில் துளையிட்டு நீர்ப்பனியைத் தேடவிருக்கும் வைப்பர் ஊர்தியின் கதையைத் தங்களுக்கே நாங்கள் சொல்ல வேண்டியதில்லை. ஏறக்குறைய 45 கோடி டாலர் செலவழித்து, முழுவதும் பூட்டி முடித்துச் சோதனைக்கு நிறுத்தியிருந்த ஊர்தியை, இன்னும் 8.4 கோடி டாலர் மிச்சமாகும் என்று 2024 ஜூலையில் கைவிட்டீர்கள். எதிர்ப்பு கிளம்பியது. 2025 செப்டம்பரில் புளூ ஆரிஜின் என்ற தனியார் நிறுவனத்தின் தரையிறங்கியில் ஏற்றி 2027 இறுதியில் அனுப்புவதாக அறிவித்தீர்கள். அதற்கு நன்றி. ஆனால் அந்த ஒப்பந்தத்திலும் ஒரு முடிச்சு இருக்கிறது: நிறுவனத்தின் முதல் தரையிறங்கி நல்லபடி இறங்கிய பிறகுதான் வைப்பரைக் கொண்டுபோவது பற்றி உறுதியாக முடிவெடுப்பீர்கள்.

எங்கள் கோரிக்கை ஒன்றுதான். தென் துருவ மண்ணைத் துளைத்து, எவ்வளவு நீர், எந்த ஆழத்தில் என்று அளந்த கணக்கை முதலில் வையுங்கள். குடியிருப்புப் படங்கள் பிறகு வரட்டும்.

இன்று நம் கையில் என்ன இருக்கிறது? சந்திரயான்-1 சுமந்து சென்ற உங்கள் எம்-3 கருவி 2009இல் நீரின் தடயத்தைக் காட்டியது. அது பார்த்தது மண்ணின் மேல் சில மில்லிமீட்டரை மட்டுமே. நியூட்ரான் துகள்களை அளக்கும் கருவிகள் ஏறக்குறைய ஒரு மீட்டர் ஆழம்வரை உணரும், ஆனால் அவை காண்பது ஹைட்ரஜனை. அது நீரா வேறொன்றா என்று அவற்றால் சொல்ல முடியாது. அதே சந்திரயானில் சென்ற ரேடார் வட துருவப் பள்ளங்களில் குறைந்தது 60 கோடி டன் பனி இருக்கலாம் என்றது. பாறைச் சிதறலும் அதே ரேடார் எதிரொலியைத் தரும் என்பது தங்களுக்குத் தெரியாததல்ல. ஆனாலும் அந்த 60 கோடி இன்றுவரை மேடைக்கு மேடை பவனி வருகிறது.

சூரிய ஒளியே படாத நிரந்தர நிழலுக்குள் கிடக்கும் மண்ணை நேரடியாகக் கிளறி நீரைக் கண்டது ஒரே ஒரு முறை. 2009 அக்டோபர் 9 அன்று, உங்கள் எல்கிராஸ் திட்டத்தில், தென் துருவத்தின் காபியஸ் பள்ளத்தில் ராக்கெட்டின் மேல்கட்டத்தை மோதவிட்டபோது. எழும்பிய மண்ணில் நீர் 5.6 சதவீதம், பிழை எல்லை கூட்டியும் கழித்தும் 2.9.

அந்த 2.9-ஐச் சற்று நின்று பாருங்கள். 9 டன் நீரை மின்சாரம் பாய்ச்சிப் பிரித்தால் (மின்னாற்பகுப்பு) 1 டன் ஹைட்ரஜனும் 8 டன் ஆக்சிஜனும் வரும். ராக்கெட் எஞ்சின் ஹைட்ரஜன் ஒன்றுக்கு ஆக்சிஜன் ஏறக்குறைய ஆறு என்ற கலவையில் எரிப்பதால், பயன்படும் எரிபொருள் 7 டன். இந்த 9 டன் நீருக்கு, 5.6 சதவீதம் என்றால், துளி வீணாகாமல் 161 டன் மண் வெட்ட வேண்டும். 8.5 என்றால் 106 டன் போதும். 2.7 என்றால் 333 டன். வெட்டும் இயந்திரம், சூடாக்கும் கலன், மின்சாரம் எல்லாம் மூன்று மடங்கு முன்பின்னாகும் ஒரு கணக்கின் மேல் எந்தப் பொறியாளர் வரைபடம் போடுவார்? மின்னாற்பகுப்புக்கு மட்டும் ஒரு கிலோ ஹைட்ரஜனுக்குச் சுமார் 50 யூனிட் மின்சாரம்; ஆக 50,000 யூனிட். நிலவில் வைப்பதாக 2025இல் நீங்கள் பேசிய 100 கிலோவாட் அணு உலை வேறு எதற்கும் கொடுக்காமல் மூன்று வாரம் ஓட வேண்டும். பனியை ஆவியாக்குவதும் ஹைட்ரஜனைக் குளிர்வித்துத் திரவமாக்குவதும் இதில் சேரவில்லை. காபியஸில் நீரோடு ஹைட்ரஜன் சல்பைடும் அம்மோனியாவும் பாதரசமும் வெளிப்பட்டன. கந்தகம் மின்னாற்பகுப்புக் கலனின் வினையூக்கியைக் கெடுக்கும், அம்மோனியா அதன் சவ்வைக் கெடுக்கும். எனவே முதலில் சுத்திகரிப்பு.

குடிநீருக்காகத்தான் இத்தனையும் என்று மக்களிடம் சொல்லாதீர்கள். விண்வெளி நிலையத்தில் 98 சதவீத நீரை மீட்கிறீர்கள். ஒருவருக்கு நாளுக்கு 3.8 லிட்டர் வீதம் நான்கு பேர் ஓராண்டு இருந்தாலும் இழப்பு 111 லிட்டர்தான். அதைப் பூமியிலிருந்தே கொண்டுபோய்விடலாம். பனி தேவைப்படுவது எரிபொருளுக்கு. அதை நேராகச் சொல்லிவிட்டால் என்ன?

துளையிடுவதும் லேசான வேலையில்லை. 430 கிலோ வைப்பர் ஊர்தி அங்கே பூமியின் 70 கிலோ பாரம்தான். துரப்பணத்தை அழுத்த அவ்வளவே பலம். பனி பிணைந்த மண் கான்கிரீட்போல் இறுகியிருக்கும், அதனால் சுழற்றியபடியே தட்டவும் வேண்டும். வேகமாகத் துளைத்தால் முனை சூடேறும். மைனஸ் 230 டிகிரியில் கிடந்த பனி அந்த வெற்றிடத்தில் உருகாது, நேரே ஆவியாகிப் போய்விடும். பிறகு நீங்கள் அளப்பது வறண்ட மண்ணை. நடுவில் நிறுத்தினால் துகள்கள் உறைந்து முனையைப் பிடித்துக்கொள்ளும். அதனால்தான் வைப்பருக்கான உங்கள் டிரைடென்ட் துரப்பணம் பத்துப் பத்து சென்டிமீட்டராகக் கடித்து வெளியே எடுக்கிறது. அருமையான வடிவமைப்பு. ஆனால் அது நிலவு மண்ணைத் தொடவேயில்லை. 2025 மார்ச்சில் அதைச் சுமந்து சென்ற ஐ.எம்-2 என்ற தனியார் தரையிறங்கி பக்கவாட்டில் சாய்ந்தபோது, துரப்பணம் காற்றில்லாத வெளியில் நீட்டி மடக்கிக் காட்டியதோடு சரி. நீர் வரைபடம் போடச் சென்ற லூனார் டிரெயில்பிளேசர் விண்கலத்தின் தொடர்பு ஏவிய மறுநாளே அறுந்தது. ஏவூர்திகளும் தரையிறங்கிகளும் தோற்கத்தான் செய்யும். அதில் குற்றம் காணவில்லை. ஒன்று போனால் இன்னொன்று என்று வைத்துக்கொள்ளாததுதான் புரியவில்லை. கிணற்றில் ஊற்று உண்டா என்று பார்க்காமலே 'குடிநீர் வசதியுடன் மனைகள்' என்று பலகை நடுபவர்களை எங்கள் பக்கம் நன்றாகவே அறிவோம். அவர்களிடம்கூட ஒரு போர்வெல் ரசீதாவது இருக்கும்.

மன்னிக்கவும், கேட்க வந்ததை விட்டுவிட்டோம். வைப்பரின் பயணத்தை முதல் தரையிறங்கியின் வெற்றியோடு முடிச்சுப் போடாமல், மாற்று வாகனம் ஒன்றை இப்போதே குறித்து வையுங்கள். வெயில்படும் இடம், அவ்வப்போது நிழல்படும் இடம், நிரந்தர நிழல் ஆகிய மூன்றிலும் ஒரு மீட்டர் துளைத்த கணக்கு வரும்வரை, பனியை நம்பி நிற்கும் எந்தக் குடியிருப்பு வடிவமைப்பையும் இறுதி செய்யாதீர்கள். நீரின் அளவோடு துரப்பணத்தின் முறுக்குவிசை, முனை வெப்பநிலை, ஒவ்வொரு பத்து சென்டிமீட்டருக்கும் ஆன நேரம் ஆகியவற்றையும் வெளியிடுங்கள். சுரங்க இயந்திரம் செய்பவருக்கு அதுதான் தேவை. உங்கள் நியூட்ரான் கருவியைச் சுமந்து, ஒன்றரை மீட்டர் துளைக்கவிருக்கும், இஸ்ரோவும் ஜப்பானின் ஜாக்சாவும் சேர்ந்து அனுப்பவிருக்கும் லுபெக்ஸ் ஊர்தியின் அளவுகளோடு ஒப்பிட ஏதுவாக ஒரே முறையில் பதிவு செய்யுங்கள். எண் ஒன்றைச் சொல்லும்போது அதன் பிழை எல்லையையும் அதே வரியில் அச்சிடுங்கள்.

முதலில் துளை, பிறகு கணக்கு, பிறகு கட்டடம். இந்த வரிசையை மாற்றாமலிருக்கத் தங்களைப் பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
நிலவு நீரின் கணக்கைப் பின்தொடரும் தமிழ் வாசகர்கள்