ஒரு வாய்த் தண்ணீர்

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் வந்து ஒரு மாதத்துக்கு மேல் ஆகிறது. திட்டியிருப்பாய், திட்டு. அண்ணன் ஐசியூவில் இருந்தார். நிமோனியா, பதினொரு நாள் வென்டிலேட்டர். இப்போது வீட்டுக்கு வந்துவிட்டார்.

வென்டிலேட்டர் கதையை விடு, அதற்கு அப்புறம் நடந்ததைச் சொல்கிறேன். தொண்டைக்குள் விட்டிருந்த வென்டிலேட்டர் குழாயை எடுத்த அன்று, கண்டம் தாண்டியாயிற்று என்று நினைத்தோம். கரகரத்த குரலில் அண்ணன் முதலில் கேட்டது தண்ணீர்தான். டம்ளரை வாயருகே கொண்டுபோய்விட்டேன். நர்ஸ் ஓடிவந்து என் கையைப் பிடித்தார். எனக்குக் கோபம்தான் வந்தது. நாக்கு வறண்டு கிடந்த மனுஷனுக்கு ஒரு வாய்த் தண்ணீர் கொடுக்கக் கூடாதா?

மறுநாள் ஸ்பீச் தெரபிஸ்ட் வந்து விளக்கினார், பேச்சோடு விழுங்குவதையும் அவர்கள்தான் கவனிக்கிறார்கள். விழுங்கும் அந்த ஒரு நொடிக்குள் மூச்சு நிற்கிறது, குரல்வளை மேலே எழும்புகிறது, அதன் மூடி கவிழ்கிறது, குரல்நாண்கள் இரண்டும் ஒட்டிக்கொண்டு மூச்சுக்குழாயை அடைக்கின்றன. வென்டிலேட்டர் குழாய் அந்தக் குரல்நாண்களுக்கு நடுவில்தான் நாள்கணக்கில் கிடக்கிறது. அதனால் புண், வீக்கம். வேலையில்லாத தசைகள் மெலிந்துவிடுகின்றன. தொண்டையில் உணர்ச்சி மங்கிவிடுகிறது. மேல்மூச்சு வாங்குகிறவருக்கு, மூச்சை நிறுத்தி விழுங்குகிற தாளமும் தப்பிப்போகிறது. 48 மணி நேரத்துக்கு மேல் குழாய் இருந்தவரைச் சோதிக்காமல் எதுவும் குடிக்கவிடக் கூடாது என்றார்.

புரையேறினால் இருமுவாரே, தெரிந்துவிடுமே என்று கேட்டேன். இருமல் வராமலும் போகலாமாம். தண்ணீர் நுரையீரல் பக்கம் இறங்கினால்கூட முகத்தில் ஒரு சுளிப்பு இருக்காதாம். சில நாளில் காய்ச்சல் வரும், மறுபடி நிமோனியா, சில சமயம் மறுபடி குழாய்.

மூக்கு வழியாக மெல்லிய கேமராவை விட்டு, பச்சைச் சாயம் கலந்த தண்ணீரை விழுங்கச் சொன்னார்கள். திரையில் நானும் பார்த்தேன். பச்சை, குரல்நாண்களைத் தாண்டி மூச்சுக்குழாய்க்குள் கீழே போனது. அண்ணன் அலட்டிக்கொள்ளாமல் "நல்லா இறங்கிடுச்சு" என்றார்.

நுரையீரல், கிட்னி, பிரஷர் என்று தினமும் சொன்ன டாக்டர்கள் தொண்டையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அப்புறம் நானே தேடிப் படித்தேன். 2010இல் வந்த ஒரு தொகுப்பாய்வில், குழாய் எடுத்தவர்களில் இந்த விழுங்கும் கோளாறு 3 சதவீதம் பேருக்கு என்று சொன்ன ஆய்வும் இருக்கிறது, 62 சதவீதம் என்று சொன்னதும் இருக்கிறது. யாரை, எப்படிச் சோதிக்கிறார்கள் என்பதைப் பொறுத்தது போலிருக்கிறது. சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரில் குழாய் எடுத்தவர்களைச் சோதித்து 2017இல் வெளியிட்டார்கள். ஏறக்குறைய எட்டில் ஒருவருக்கு இருந்தது.

அண்ணனுக்கு மூக்குக் குழாய் வழியாகத்தான் ஆகாரம். பிறகு பொடி கலந்து கெட்டியாக்கிய தண்ணீர். வெறும் தண்ணீர் வேகமாக ஓடிவிடும், அசந்து கிடக்கும் தொண்டை அதைப் பிடிக்க முடியாது. கெட்டியானது மெதுவாக நகரும். ஆனால் அண்ணனுக்கு அது அறவே பிடிக்கவில்லை. குடிப்பதையே குறைத்துவிட்டார், உடம்பில் நீர் வற்றிவிடுமோ என்று அந்தக் கவலை வேறு. அழுத்தி விழுங்கும் பயிற்சி, வேளை தவறாமல் வாயைச் சுத்தம் செய்வது எல்லாம் நடந்தது. வாயிலுள்ள கிருமிதான் எச்சிலோடு நுரையீரலுக்கு இறங்குகிறது என்பதால் பல் துலக்குவதில் தெரபிஸ்ட் கறாராக இருந்தார்.

போன வாரம் மறுபடி கேமரா வைத்துப் பார்த்தார்கள். பச்சை கீழே போகவில்லை. இப்போது வெறும் தண்ணீர் குடிக்கிறார், மோவாயை மார்பு பக்கம் தாழ்த்தி, ஒவ்வொரு மிடறாக. எதிரில் உட்கார்ந்து நான் அவர் கழுத்தையே பார்க்கிறேன். "போய் வேற வேலையப் பாரு" என்கிறார்.

சரி, உன் மாமியாருக்குப் பெரிய ஆபரேஷன் என்று எழுதியிருந்தாயே. வென்டிலேட்டரில் எத்தனை நாள் இருந்தார்? குடித்தபின் குரல் சளி கட்டியது போலக் களகளவென்று கேட்கிறதா என்று கவனி. கேட்டால் டாக்டரிடம் சொல்லிவிட்டு அப்புறம் எனக்கு எழுது.

அன்புடன்,
முரளி