கோலப் பேனர் பேக் செய்யும் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

வணக்கம்.

மைன்கிராஃப்ட் விளையாட்டின் பேனர்களுக்கு, அதாவது கொடிகளுக்கு, புது வடிவப் படங்கள் தரும் உங்கள் பேக்கை ஒரு வாரமாக எங்கள் சர்வரில் ஓட்டிக்கொண்டிருக்கிறோம். பேனரின் முகப்பு 20-க்கு 40 பிக்சல்தான். அதற்குள் ஐந்து புள்ளிச் சிக்குக் கோலத்தை அடக்கியிருக்கிறீர்கள். என் அம்மா திரையைப் பார்த்துவிட்டு, "இழை சரியாத்தான் சுத்துது" என்றார். அவர் வாயிலிருந்து அப்படி ஒரு சொல் வருவது லேசுப்பட்ட காரியம் இல்லை.

என் குறையெல்லாம் மாங்காய் வடிவத்திலும் சங்கு வடிவத்திலும்தான். மாங்காய்க்கு மஞ்சள் சாயம் கொடுத்தால், ஓரம் மங்கி மறைய வேண்டிய இடம் சேறு பூசியதுபோல் நிற்கிறது. படத்தைத் திறந்து பார்த்தேன். அங்கே சாம்பல் நிறம் தீட்டியிருக்கிறீர்கள். இந்த ஆட்டம் சாயத்தை உங்கள் படத்தின்மேல் பூசுவதில்லை, படத்தின் நிறத்தோடு பெருக்குகிறது. மஞ்சள் சாயம் சிவப்பு, பச்சை, நீலம் என்ற வரிசையில் 254, 216, 61 (உச்சம் 255). மூன்றிலும் 128 உள்ள சாம்பல் பட்டதும் அது 127, 108, 31 ஆகிவிடும். அசல் களிமண்! நிறத்தை வெள்ளையாகவே விட்டு, ஆல்பாவை, அதாவது ஒளிபுகாத் தன்மையை, மட்டும் 128-க்கு இறக்குங்கள். அப்போது அடித்துணி பாதி தெரியும். வெள்ளைத் துணியில் இளமஞ்சள் வரும். சிவப்புத் துணியில் ஓரமெல்லாம் சிவப்பு கசிந்து பட்டுப்புடவை பார்டர் மாதிரி இருக்கும். பேனரில் வடிவம் பதிக்கும் ஆட்டத்துத் தறியில் ஆறு வடிவங்களுக்கு மேல் அடுக்க முடியாது என்பதால், ஒரே வடிவத்தில் இரண்டு நிறம் கிடைப்பது சின்ன விஷயமில்லை.

அப்புறம் சங்கு. வெள்ளைச் சாயத்திலும் அதைச் சுற்றி ஒரு கறுப்புக் கோடு. கறுப்புப் பின்னணியில் வரைந்து, பிறகு பின்னணியை அழித்தீர்கள் போலிருக்கிறது. விளிம்புப் பிக்சல்களில் கலந்த கறுப்பு அழிவதில்லை. முழுப் படத்தையும் வெள்ளையால் (255, 255, 255) நிரப்பிவிட்டு, சங்கின் உருவத்தை, எந்த இடம் தெரிய வேண்டும் என்று காட்டும் லேயர் மாஸ்க்கில் மட்டும் வரையுங்கள். கிம்ப் என்ற பட மென்பொருளில் பிஎன்ஜி கோப்பாக எடுக்கும்போது, ஒளிபுகும் பிக்சல்களின் நிறத்தையும் சேமிக்கச் சொல்லும் கட்டத்தில் டிக் போட வேண்டும். இல்லையென்றால் கண்ணுக்குத் தெரியாத அந்த வெள்ளை காணாமல் போய்விடும். நானே ஒருமுறை அதில் ஒரு மாலை முழுக்கத் தொலைத்தேன்.

இதே வடிவங்களை ஆட்டத்தின் கேடயத்தில் காட்டத் தனிப் படங்கள் இருக்கின்றன, அவற்றையும் மறக்காதீர்கள்.

சங்கை நான் திருத்தி வைத்திருக்கிறேன், கேட்டால் அனுப்புகிறேன். கோலத்தில் மட்டும் கை வைத்துவிடாதீர்கள், அம்மாவுக்கு என்னால் பதில் சொல்ல முடியாது.