ஐட்லிங் ஆடுதுன்னா பார்ட்ஸ் மாத்தறதுக்கு முன்னாடி ஏர் லீக்க பாருங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கங்க,

எங்க கொழிஞ்சாம்பாறை, சித்தூர் பக்கம் இப்ப டர்போ பெட்ரோல் வண்டி வாங்கி மாடிஃபை பண்ற பசங்க ஜாஸ்தி ஆயிட்டாங்க. வேலந்தாவளம் தாண்டுனா கோயமுத்தூர், கரி ஸ்பீட்வே இருக்கற ஊரு, வேலைக்கு ஆளு பஞ்சமே இல்ல. ஆனா பெட்ரோல் தெளிக்கற இன்ஜெக்டர், டர்போவுக்கு அப்புறம் எக்ஸாஸ்ட் போற டவுன்பைப்பு, மிஞ்சின டர்போ காத்த விடற ப்ளோ ஆஃப் வால்வுன்னு எல்லாம் போட்டு வண்டி வீடு வந்து கொஞ்ச நாள்லயே பாதிப்பேரு சொல்ற கம்ப்ளெயின்ட் ஒண்ணுதான், ஐட்லிங் (ஆக்சிலேட்டர மிதிக்காம இன்ஜின் சும்மா ஓடறது) நிக்க மாட்டேங்குது. 800 ஆர்பிஎம்ல நிக்க வேண்டிய முள்ளு 600க்கு எறங்கி 1500க்கு ஏறி மறுபடி எறங்குது, கஞ்சிக்கோடு டிராஃபிக்ல கிளட்ச மிதிச்சா வண்டி ஆஃப் ஆயிடுது. இதுக்கு பட்டறைல என்ன பண்றாங்கன்னா மொதல்ல காத்து வழிய தெறந்து மூடற த்ராட்டில் பாடி மாத்து, அப்புறம் உள்ள போற காத்த அளக்கற ஏர் ஃப்ளோ சென்சார் மாத்து, காயில் மாத்து, பிளக் மாத்து, எதுலயும் சரியாகலன்னா ரீமேப்ப (இன்ஜின் கம்ப்யூட்டர் ப்ரோகிராம மாத்தறது) திரும்ப அடிச்சு விடு. காசு போகுது, வண்டி அதே மாதிரிதான் நிக்குது. இத பாக்க பாக்க வயிறு எரியுதுங்க, அதான் எழுதறேன்.

ஐட்லிங்ல இன்ஜின் இழுக்கற காத்து ரொம்ப கொஞ்சம். 1.8 லிட்டர் வண்டின்னா செகண்டுக்கு சுமார் 3 கிராம்தான், அதே வண்டிய முழுசா மிதிச்சா நூறு கிராமுக்கு மேல போகும். இப்ப ஒரு ஹோஸ்ல வெடிப்பு விட்டு 1 கிராம் காத்து திருட்டுத்தனமா உள்ள போகுதுன்னு வைங்க, ஐட்லிங்ல அது மூணுல ஒரு பங்கு, ரோட்டுல வெரட்டி ஓட்டறப்ப நூத்துல ஒண்ணுகூட கெடையாது. அதனாலதான் மெக்கானிக் ஹைவேல ஒரு ரவுண்டு போயிட்டு வந்து வண்டி சூப்பரா இழுக்குதுப்பான்னு சொல்றாரு, அவரு சொல்றது பொய் இல்ல, ஆனா அந்த ஓட்டத்துல இந்த கோளாறு தெரியவே தெரியாது. நம்ம தோட்டத்து மோட்டாருக்கு சக்ஷன் பைப்புல ஏர் புடிச்சா நாம மோட்டார மாத்த மாட்டோம்ல, ஜாயின்ட்டதான் பாப்போம், இங்கயும் அதேதான்.

ஏர் ஃப்ளோ சென்சார் இருக்கற வண்டில அதத் தாண்டி உள்ள வர்ற காத்து கணக்குல வராது, பெட்ரோல் பத்தாம லீனா ஓடும். மேப் சென்சார மட்டும் நம்பி ஓடற வண்டில கத வேற, அது மேனிஃபோல்டு (இன்ஜினுக்குள்ள காத்து போற குழாய்) பிரஷர பாத்து கணக்கு போடறதால உள்ள வந்த காத்துக்கும் பெட்ரோல் குடுத்துடும், அதனால லீன் கோடு வராம ஐட்லிங் மட்டும் ஏறிக்கும், இன்ஜின் கம்ப்யூட்டரான ஈசியு த்ராட்டில மூடி, பிளக் பொறி விடற டைமிங்க கொறச்சு எறக்க பாக்கும், அந்த இழுபறில முள்ளு ஆடும். எந்த வகை வண்டின்னு தெரியாமலே பார்ட்ஸ் ஆர்டர் போடறவங்க இருக்காங்கன்னா நம்புவீங்களா?

புஷ்ஷுன்னு சத்தம் வரணும்னு காத்த வெளிய விடற வால்வு போடறாங்களே, ஏர் ஃப்ளோ சென்சார் வண்டில அது ரெண்டு விதமா கெடுக்கும். ஆக்சிலேட்டர விட்ட உடனே ஏற்கனவே கணக்கு போட்ட காத்து வெளிய போயிடுது, ஆனா அதுக்கான பெட்ரோல் உள்ள போயிடும், பெட்ரோல் அதிகமாகி, அதாவது ரிச் ஆகி, ஆர்பிஎம் தொபுக்குன்னு விழுந்து வண்டி ஆஃப். இன்னொன்னு, ஸ்பிரிங் லூசா இருந்தா ஐட்லிங் வேக்குவமே வால்வ லேசா தெறந்து வெச்சுக்கும், அந்த வழியா ஃபில்டர் பண்ணாத காத்து போகும். கம்பெனி வெச்ச மாதிரி காத்த திரும்ப டர்போ வாய்க்கே விடற வால்வா போட்டா பாதி தலைவலி போச்சு, சத்தம் கொறையும், பரவால்ல.

எங்க சித்தப்பா பையன் வண்டி, பழைய 1.8 டர்போ. த்ராட்டில் பாடி புதுசு, சென்சார் புதுசு, ரீமேப்பும் திரும்ப அடிச்சாச்சு, ஐட்லிங் அப்படியே ஆடுது. அந்த பட்டறை பேரு வேண்டாம். அப்புறம் வேற எடத்துல ஒரு சாதாரண ஸ்கேனர மாட்டி ஃப்யூல் டிரிம் (ஈசியு பெட்ரோல எத்தன சதவீதம் கூட்டி கொறைக்குதுங்கறது) மட்டும் பாத்தோம், ஐட்லிங்ல பிளஸ் 20 கிட்ட நிக்குது, 2500 ஆர்பிஎம்ல புடிச்சா 3க்கு வந்துடுது. இது ஏர் லீக்குதான், எழுதி வெச்ச மாதிரி. தலகீழா, லோடு ஏற ஏற டிரிம் ஏறுச்சுன்னாதான் பெட்ரோல் பம்ப், ஃபில்டர் பக்கம் போகணும். உடனே லீக் தேட உள்ள புகை விடற ஸ்மோக் மெஷின் மாட்டுனாங்க, 1 பிஎஸ்ஐ பிரஷருக்குத்தான் புகை விடணும், கொஞ்ச நேரத்துல மேனிஃபோல்டுக்கு அடில இருந்து நூலாட்டம் புகை வந்துச்சு. கண்ணுக்கு தெரியாத எடம், வெரல விட்டு தடவுனா ஆயில் ஆவிய புடிக்கற கேட்ச் கேனுக்காக மடக்கி மாட்டுன பிசிவி ஹோஸு (இன்ஜின் ஆவிய மேனிஃபோல்டுக்கு விடறது) ஆயில்ல ஊறி மெத்துமெத்துன்னு கெடக்குது, மடக்குன எடத்துல நீளமா வெடிப்பு. ஒரு முழ ஹோஸும் ரெண்டு கிளிப்பும் போட்டதோட சரி.

டர்போல இருந்து த்ராட்டில் வரைக்கும் உள்ள பைப்புக்கு புகை பத்தாது, கம்ப்ரசர் காத்து 10, 15 பிஎஸ்ஐ ஏத்தி சோப்பு தண்ணி அடிச்சு பாக்கணும், ஆயில் தடவுன பைப்புல சிலிக்கான் ஹோஸு நழுவறது அப்பதான் தெரியும். சூடான டர்போ மேல கார்ப் கிளீனர் அடிச்சு லீக் தேடறாங்க, தயவு செஞ்சு அது வேண்டாம், நெருப்பு புடிச்சுக்கும்.

லீக் இல்லன்னு உறுதியான அப்புறம் மத்தத பாருங்க. டவுன்பைப்பு கேஸ்கெட்டுல ஆக்சிஜன் சென்சாருக்கு முன்னாடி லீக் இருந்தா வெளிக்காத்த உறிஞ்சி லீன்னு பொய் சொல்லும். ஏசி போட்டா மட்டும் ஆடுதா, பெரிய இன்ஜெக்டர் போட்டிருக்கா? அப்ப பேட்டரி வோல்டேஜ் எறங்கறப்ப இன்ஜெக்டர் தெறக்கற நேரம் மாறும், ரீமேப்புல அந்த டேபிள் சரியா இருக்கணும், இது நெசமாவே டியூனர் வேல. ஆயில் தடவற காட்டன் ஃபில்டர்ல ஆயில் அதிகமானா ஏர் ஃப்ளோ சென்சார் கம்பில படியும், மாத்தறதுக்கு முன்னாடி அதுக்குன்னு விக்கற ஸ்பிரே அடிச்சு பாருங்க.

இன்னொரு சங்கடம், இப்படி வண்டி வெச்சிருக்கறவங்க கம்பெனி சர்வீசுக்கு போக பயப்படறாங்க. கேரளா கேசுலதான் 2019 ஜனவரில சுப்ரீம் கோர்ட்டு, கம்பெனி குடுத்த ஸ்பெசிஃபிகேஷன மீறி வண்டிய மாத்தக்கூடாதுன்னு தீர்ப்பு சொல்லிச்சு, மோட்டார் வாகன சட்டம் 52வது பிரிவு. சட்டத்த மீறுங்கன்னு நான் சொல்லலைங்க. ஆனா அந்த பயத்தாலயே என்னென்ன மாட்டுனாங்கன்னு ஒரு துண்டு பேப்பர்கூட இல்லாம வண்டி கைமாறுது, அடுத்த மெக்கானிக் இருட்டுல தேடறாரு. நீங்க ஒரு தடவ உங்க பேப்பர்ல இத விவரமா போட்டா நெறைய பேருக்கு காசு மிஞ்சும்ங்க.

வண்டி வெச்சிருக்கற தம்பிங்களுக்கு ஒண்ணு. வேல முடிஞ்சு வண்டிய எடுக்கறப்ப எந்த இன்ஜெக்டர், எந்த வால்வு, எந்த ஹோஸ எங்க மாத்துனாங்க, ரீமேப்பு எந்த தேதில போட்டது, ஐட்லிங்ல டிரிம் எவ்வளவுன்னு எழுதி கேட்டு வாங்குங்க, அது தர மாட்டேன்னு சொல்ற பட்டறைல வண்டிய விடாதீங்க.

இப்படிக்கு,
உங்க வாசகன்,
கொழிஞ்சாம்பாறை, பாலக்காடு மாவட்டம்.