பற்ற வைக்கும் முன் குழாயைப் பார்

அன்பு மகளுக்கு,

நீங்கள் வாங்கிய அந்தப் பழைய கேம்பரை, அதாவது உள்ளேயே சமைத்துத் தூங்க வசதியுள்ள வண்டியை, மலைப்பக்கம் ஓட்டிப் போகும் முன் அதில் உள்ள எந்த பர்னரையும் பற்ற வைக்காதே. முதலில் இதைப் படி, மாப்பிள்ளையிடமும் படிக்கக் கொடு. போனில் பேச ஆரம்பித்தால் பாதியில் பேரன் வந்துவிடுகிறான், நீயும் "சரிப்பா, சரிப்பா" என்று வைத்துவிடுகிறாய். அதனால்தான் எழுதுகிறேன்.

விற்றவர் போன ஆகஸ்டுக்குப் பிறகு கேம்பரை எடுக்கவே இல்லை, அங்கே கனடாவில், கால்கரி நகரப் பனியில் அப்படியே நின்றது என்று சொன்னாய் அல்லவா, அதுதான் என்னை உறுத்துகிறது. தினமும் எரியும் அடுப்பில் பூச்சி குடியேறாது. சும்மா கிடக்கும் அடுப்பைத்தான் அது தேடும்.

இங்கே சிங்கப்பூரில் 2023ல் தேக்கா சந்தை, உணவு நிலையத்தைப் பழுதுபார்க்க மூன்று மாதம் மூடினார்கள். திறந்த வாரம் ஒரு சாப்பாட்டுக் கடைக்காரர் அடுப்பைப் பார்க்க என்னைக் கூப்பிட்டார். மூடும் நாள்வரை நீலமாய்ச் சீறிய அடுப்பு இப்போது மஞ்சளாய் எரிகிறது, கல்லெல்லாம் கரி பிடிக்கிறது என்றார். கேஸ் சரியாக இருந்தது, ரெகுலேட்டரும் சரி. பர்னரைக் கழற்றிக் குழாய்க்குள் டார்ச் அடித்தேன். உள்ளே கடுகளவுக்குக் கொஞ்சம் பெரிதாய் ஒரு வெள்ளைப் பை, சிலந்தி முட்டையிட்ட பை. அதைச் சுற்றி நாலு இழை வலை. அவ்வளவுதான்.

அது எப்படி ஓர் அடுப்பையே கெடுக்கும் என்று நீ கேட்பாய். கேஸ் வெளிவரும் சிறு முனைக்கு ஜெட் என்று பெயர். அதன் நுண்துளை வழியே கேஸ் வேகமாய்ப் பாயும்போது பக்கத்துத் திறப்பிலிருந்து காற்றையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகும். இரண்டும் குழாய்க்குள் கலந்துதான் பர்னர் தலையில் எரிகின்றன. ஒரு பங்கு புரொப்பேன் முழுதாய் எரிய ஏறக்குறைய 24 பங்கு காற்று வேண்டும். அதில் ஒரு பகுதி இந்தக் குழாய் வழியாகத்தான் வந்தாக வேண்டும். வலை குறுக்கே நின்றால் காற்று குறையும், சுடர் மஞ்சளாகும், கரி கக்கும், கார்பன் மோனாக்சைடு உண்டாகும். அடைப்பு இன்னும் பெரிதானால் கேஸ் முன்னே போக வழியில்லாமல் காற்றுத் திறப்பு வழியே பின்வாங்கி, பர்னருக்கு வெளியே தீப்பிடிக்கும்.

பூஜை அறை அகலில் மஞ்சள் சுடர் அழகு. கேஸ் பர்னரில் அதைப் பார்த்தால் உடனே அணைத்துவிடு. நுனியில் லேசாய் மஞ்சள் தெரிந்தால் பரவாயில்லை. உடம்பு நீலமாய், ஆடாமல் நிற்க வேண்டும்.

தேக்காவில் கடை திறந்தவெளி, கரியோடு போயிற்று. நீங்களோ ராக்கி மலைக் குளிருக்கு ஜன்னலை இறுக்கி மூடிவிட்டு, பிள்ளையை நடுவில் போட்டுக்கொண்டு தூங்கப் போகிறீர்கள். கேஸ் கசிந்தால் மூக்குக்குத் தெரியும், அதற்கென்றே மெர்காப்டன் என்ற நாற்றப் பொருளைக் கலக்கிறார்கள். கார்பன் மோனாக்சைடுக்கு வாடையும் இல்லை, நிறமும் இல்லை. ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாக இரத்தத்தில் ஒட்டிக்கொள்ளும். தலைவலி, குமட்டல், கிறுகிறுப்பு என்று காய்ச்சல் வருவதற்கு முன்பு இருப்பதைப் போலத்தான் ஆரம்பிக்கும். மூவருக்கும் ஒரே நேரத்தில் தலை வலித்தால் மாத்திரை தேடாதே. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்துவிடு.

அந்த மெர்காப்டன் வாடைதான் சிலந்தியை இழுக்கிறது என்று கேம்பர் வைத்திருப்பவர்கள் சொல்வதுண்டு. இருட்டான, காய்ந்த, யாரும் தொடாத குறுகிய குழாயே அதற்குப் போதும் என்பது என் எண்ணம். ஆனால் எரிபொருள் வாடைக்கு வரும் சிலந்தி உண்டுதான். 2011ல் மஸ்டா நிறுவனம் வட அமெரிக்காவில் சுமார் 65,000 மஸ்டா 6 கார்களைத் திரும்ப அழைத்ததற்குக் காரணமே மஞ்சள் பைச் சிலந்தி. பெட்ரோல் ஆவி போகும் குழாயில் வலை பின்னி, டாங்க் விரிசல் விடும் அளவுக்கு அடைத்துவிடக் கூடும் என்று கண்டுபிடித்தார்கள். அந்தச் சிலந்தி உங்கள் பக்கத்து ஆள்.

மண்குளவியையும் மறக்காதே. குளவி கூடு கட்டினால் வீட்டில் பிள்ளை பிறக்கும், கலைக்கக் கூடாது என்பார் உன் அப்பாயி. கொட்டக் கொட்டப் புழுவும் குளவியாகும் என்றும் சொல்வார். உள்ளே நடப்பது வேறு. குளவி சிலந்திகளைக் கொட்டி அசையாமல் ஆக்கி, மண்ணறைக்குள் அடுக்கி, முட்டையிட்டு வாயை மூடிவிடும். பொரிக்கும் புழுவுக்கு அந்தச் சிலந்திகள்தான் சாப்பாடு. ஆக, சிலந்தி பெருகிய இடத்தில் குளவிக்கும் வேலை இருக்கிறது. வீட்டுச் சுவரில் கட்டினால் நானும் கலைக்க மாட்டேன். ஹீட்டரின் புகைவாயில் கட்டினால் கலைத்தே ஆக வேண்டும்.

இனிச் செய்ய வேண்டியது. முதலில் சிலிண்டர் வால்வை மூடு. வண்டியின் வெளிப்பக்கம் தண்ணீர் ஹீட்டர் கதவைத் திறந்தால், கேஸ் வால்வு பக்கத்திலிருந்து வளைந்து போகும் தடித்த குழாய் ஒன்று தெரியும். கதவுத் துளை வழியாக நேரே நுழையலாம் என்பதால் சிலந்திக்கு மிகவும் வசதியான இடம் அதுதான். ஸ்ட்ரா கழுவும் மெல்லிய பிரஷ் ஒன்று புதிதாய் வாங்கி, குழாயின் கடைசிவரை விட்டுத் திருப்பி எடு. வாயருகே பார்த்துவிட்டுச் சுத்தமாக இருக்கிறது என்று விட்டுவிடாதே, பை வளைவில்தான் ஒளிந்திருக்கும்.

ஃபிரிட்ஜின் பர்னர் வெளிப்பக்கக் கீழ் வென்ட்டுக்குள் இருக்கிறது. அதன் சுடர் மிகச் சின்னது, ஓர் இழை வலையே அதைக் கெடுக்கும். மின்சாரத்தில் நன்றாய்க் குளிர்ந்து கேஸில் மட்டும் குளிராவிட்டால் முதலில் இங்கேதான் சந்தேகப்பட வேண்டும். சமையல் அடுப்பு பற்றி உனக்குச் சொல்லத் தேவையில்லை, என்னோடு உட்கார்ந்து எத்தனை கழற்றியிருக்கிறாய்!

ஜெட்டில் மட்டும் ஊசி, கம்பி, குண்டூசி எதையும் விடாதே. மாப்பிள்ளை கைவேலையில் ஆர்வம் உள்ளவர், அவரிடம் இதைக் கண்டிப்பாய்ச் சொல். துளை துளி பெருத்தாலும் கேஸ் கூடும், காற்று கூடாது, மறுபடி அதே மஞ்சள். இங்கே குழாயில் வரும் நகர எரிவாயுவுக்கு ஒரு ஜெட், சிலிண்டர் கேஸுக்கு அதைவிடச் சிறிய ஜெட் என்று மாற்றி மாற்றிப் பொருத்தியவன் நான். அந்த முடியளவு வித்தியாசத்தில்தான் அடுப்பு ஓடுகிறது.

அறை ஹீட்டரை நீங்கள் பிரிக்கவே வேண்டாம், உரிமம் உள்ளவர் பார்க்கட்டும். வெளிச்சுவரில் அதன் காற்று போகும் வாயும் புகை வரும் வாயும் தெரியும், அங்கே மண்ணோ வலையோ இருக்கிறதா என்று மட்டும் டார்ச் அடித்துப் பாருங்கள். ரெகுலேட்டரில் ஒரு சின்ன மூச்சுத்துளை உண்டு, அதையும் பார். அது கீழ்நோக்கி இருக்க வேண்டும். கழற்றிய ஹோஸ் முனையைத் திறந்து போடாமல் மூடி போட்டு வை.

துருப்பிடிக்காத கம்பிவலை மூடிகள் கிடைக்கும். ஆனால் உங்கள் ஹீட்டரின் கையேடு அனுமதித்தால் மட்டும் போடு. சில தயாரிப்பாளர்கள் வேண்டாம் என்றே சொல்கிறார்கள், அந்தக் கம்பிவலையே காற்றைத் தடுத்துவிடும் என்று. கொசுவலைத் துணியை வெட்டிக் கட்டுவது கூடவே கூடாது, தூசி பிடித்து அதுவே அடைப்பாகும். அந்துருண்டை போடுகிறவர்கள் இருக்கிறார்கள். அதில் உள்ள நாப்தலீன் தீப்பிடிக்கும் பொருள், அதை பர்னர் பக்கம் வைக்காதே. பூச்சி மருந்து ஸ்பிரேயும் அப்படித்தான். குளிர்காலத்துக்கு வண்டியை நிறுத்தும்போது வாய்களை டேப் போட்டு மூடலாம். மூடினால் சிலிண்டர் வால்விலேயே ஒரு சிவப்புத் துணியைக் கட்டிவிடு, டேப்பைப் பிரிக்காமல் யாரும் கேஸைத் திறக்க மாட்டார்கள்.

கேஸ் அலாரம், கார்பன் மோனாக்சைடு அலாரம் இரண்டையும் அமுக்கிச் சோதித்துப் பார், பின்பக்கம் காலாவதித் தேதியையும் பார். கேஸ் அலாரம் தரையை ஒட்டி இருக்க வேண்டும், புரொப்பேன் காற்றைவிட ஏறக்குறைய ஒன்றரை மடங்கு கனம், கீழே தங்கும். தேதி தாண்டிய கார்பன் மோனாக்சைடு அலாரத்தை வைத்துக்கொண்டு ஓர் இரவுகூட அந்த வண்டியில் தூங்க வேண்டாம். புதிதுக்கு நான் பணம் அனுப்புகிறேன், மறுக்காதே.

எல்லாம் முடிந்தபின் கதவு, ஜன்னல் திறந்து வைத்து ஒவ்வொன்றாய்ப் பற்ற வை. ஒவ்வொரு சுடரையும் வெயில் படாமல் மறைத்துப் படம் பிடித்து எனக்கு அனுப்பு. ஹீட்டரில் ஒட்டியிருக்கும் மாடல் எண் தகட்டையும் சேர்த்து எடு, கையேட்டை நானும் தேடிப் படிக்கிறேன். இங்கே நடுநிசியானாலும் பார்த்துவிட்டுப் பதில் போடுகிறேன். அதுவரை கிளம்ப வேண்டாம்.

அன்புடன்,
அப்பா