ஆண்டுப் பொதுக்கூட்டத்திற்குச் செயலாளர் சமர்ப்பிக்கும் அறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, போசகர்களே, நிர்வாக சபையினரே, வருகை தந்திருக்கும் அங்கத்தவர்களே,

சென்ற பொதுக்கூட்டத்தின் அறிக்கை முன்கூட்டியே சுற்றுக்கு விடப்பட்டதால் அதை மீண்டும் வாசிக்கவில்லை. நிர்வாக சபை யாப்பின்படி கூடியது. கூட்டம் நடத்தத் தேவையான ஆள்தொகை (கோரம்) இல்லாமல் ஒத்திவைத்த கூட்டங்களும் உண்டு. வாணி விழா வழமைபோல் நடந்தது. நூலக அலுமாரிக்குப் புதிய பூட்டுப் போடப்பட்டது. அமரத்துவம் அடைந்த அங்கத்தவர்களின் இல்லங்களுக்கு அனுதாபச் செய்தி அனுப்பப்பட்டது.

மாதாந்தச் சொற்பொழிவுகள் பாலங்கள் என்ற ஒரே பொருளில் அமைந்தன. இதற்கு முணுமுணுப்பு இருந்தது என்பதை அறிவேன். தெமோதரை ஒன்பது வளைவுப் பாலத்துக்கு மண்டபம் நிறைந்தது. 1921இல் கட்டியது, 91 மீற்றர் நீளம், 24 மீற்றர் உயரம், கல்லும் செங்கல்லும் சீமெந்தும் மட்டும். படம் பார்க்க வந்தவர்களே அதிகம் என்பது என் கருத்து. பேராதனையில் 1833இல் மகாவலிக்கு மேலே 205 அடியை ஒரே வளைவாகத் தாண்டிய முதிரை மரப் பாலத்துக்குப் பாதிக் கதிரைகள் வெறுமை. எழுபது ஆண்டுக்கு மேல் நின்று 1905இல் கழற்றப்பட்ட பாலம் அது. முதிரையை வீட்டுக் கதவுநிலையில் பார்த்து வளர்ந்த நாங்கள் அதற்குத்தான் முதலில் வந்திருக்க வேண்டும்.

பாம்பன் உரையன்று மழை. வந்திருந்த சிலருக்கு நல்ல உரை கிடைத்தது. இராமேசுவரத்தை இந்தியக் கரையோடு இணைக்க 1914இல் திறந்த அந்த ரயில் பாலத்தின் நடுவே, கப்பலுக்கு வழிவிடத் திறக்கும் இரண்டு இலைகள், உருண்டு பின்சாய்ந்து மேலெழும் ஷெர்சர் அமைப்பு. ரயிலும் கப்பலுமாக இந்தியாவுக்குப் போட் மெயிலில் போய்வந்த தலைமுறைக்கு அது தெரிந்த காட்சி. 1964 திசெம்பர்ப் புயலில் தூலங்களில் பெரும்பாலானவை கடலுக்குள் போயும் தூக்குப்பகுதி தப்பி நின்றது. பொறியியலாளர் சிறீதரன் 46 நாளில் திருத்தி ரயில் ஓடவிட்டார். 2025 ஏப்ரலில் திறந்த புதிய பாலத்தில் 72.5 மீற்றர் நீளத் துண்டு முழுவதும் மின்தூக்கிபோல் நேராக மேலே போகிறது.

இனி, இவ்வாண்டின் முக்கிய வேலையான பாலப் பதிவேட்டுக்கு வருகிறேன். பாலங்களையும், வீதிக்கு அடியால் நீர் போகும் சிறு பாலங்களான மதகுகளையும் நேரில் போய் அளந்து பதியும் வேலை இது. "வீதிக்குப் பொறுப்பானவர்களிடம் பட்டியல் இருக்கும்தானே, நாங்கள் ஏன் மதகு எண்ண வேண்டும்?" என்று நிர்வாக சபையில் கேட்கப்பட்டது. பதில் இந்த அறிக்கையில் பதியப்பட வேண்டும் என்று விரும்புகிறேன். அவர்களுடைய பட்டியலுக்கு வேண்டியது அகலமும் தாங்கும் பாரமும். எது எந்தக் கல்லால், எந்த முறையில் கட்டப்பட்டது என்பது அதில் வருவதில்லை. வீதியை அகலிக்கும்போது பழைய மதகை இடிப்பதுமில்லை. இரு முனையிலும் கொங்கிறீற்றுப் பெட்டியோ குழாயோ வைத்து நீட்டி விடுகிறார்கள். அதோடு கைப்பிடிச் சுவரும் சிறகுச் சுவரும் போய்விடும். வீதியில் நிற்பவருக்கு அது நேற்றுக் கட்டிய மதகு. கோடையில் குனிந்து உள்ளே போய் ரோச் அடித்தால்தான் நடுவிலே செதுக்கிய சுண்ணாம்புக்கல் வளைவு தெரியும். அகலிப்பதற்கு முந்திய வாரம் ஒரு படமும் நாலு அளவும் எடுத்திருந்தால் போதும். அந்த நாலு அளவுக்குத்தான் நான் ஆள் கேட்டேன்.

வழுக்கையாற்று மதகுகளில் தொடங்கினோம். அந்த ஆறு மாரியில் மட்டும் ஓடி அராலிப் பக்கமாகக் கடலேரியில் விழுவது. ஆகவே ஆவணி, புரட்டாதியில் அடிவரை காய்ந்திருக்கும். வளைவை அளக்க ஏணி தேவையில்லை. வளைவு சுவரில் குந்தும் இரு புள்ளிகளுக்கும் இடையே நூலை இறுக்கிக் கட்டி அகலத்தை எடுக்கவும். நூலின் நடுவிலிருந்து உச்சிக் கல்லின் அடிவரை உள்ள எழுச்சியை எடுக்கவும். அகலத்தை அகலத்தால் பெருக்கி, எழுச்சியின் எட்டு மடங்கால் வகுத்து, எழுச்சியின் பாதியைக் கூட்டினால் ஆரை வரும். அகலம் 2.4 மீற்றர், எழுச்சி 0.6 மீற்றர் என்றால் ஆரை 1.5 மீற்றர். எழுச்சி அகலத்தின் பாதியானால் அது அரைவட்டம். குறைந்தால் தட்டை வளைவு. தட்டை வளைவு, தன்னை இரு கரையிலும் தாங்கும் கரைச்சுவரை வெளிப்பக்கம் கூடுதலாகத் தள்ளும். அதனால் பதிவுத் தாளில் வெடிப்பின் திசைக்குத் தனிக் கட்டம் வைத்திருக்கிறோம். உச்சியின் அடிப்பக்கத்தில், வீதிக்குக் குறுக்காக வெடிப்பு ஓடினால் கரைச்சுவர் விலகுகிறது என்று எடுக்கலாம். விளிம்புக்கு அருகே வீதியின் நீளத்துக்கு ஓடினால், மேலுள்ள மண் பாரவண்டிகளால் இறுகிப் பக்கச் சுவரை வெளியே நெட்டுகிறது. முதலாவது பெரிய வேலை. இரண்டாவதை வேளைக்குக் கண்டால் சிறிய வேலை. வெடிப்பின் இரு நுனியிலும் பென்சிலால் கோடு போட்டுத் திகதி எழுதி வையுங்கள். அடுத்த ஆண்டு போகும் ஆளுக்கு அது பேசும்.

நல்ல மனதோடு செய்யும் கெடுதல் ஒன்றும் பல இடங்களில் பதிவாகியது. பழைய மதகுகள் சுண்ணாம்புச் சாந்தில் கட்டப்பட்டவை. மூட்டில் சாந்து உதிர்ந்ததும் யாராவது சீமெந்து பூசிவிடுகிறார்கள். சீமெந்து கல்லைவிடக் கடினம். ஈரம் மூட்டால் வெளியேற முடியாமல் கல்லின் முகத்தால் வெளியேறும். உப்பும் கூட வரும். சில மாரியில் மூட்டு அப்படியே துருத்திக்கொண்டு நிற்க, கல் குழிந்து போகும். முருகைக்கல்லுக்கு இது இன்னும் விரைவு. சரியான முறை: மூட்டு அகலத்தின் இரு மடங்கு, குறைந்தது 25 மில்லிமீற்றர் ஆழத்துக்குச் சுரண்டி, தூசியைக் கழுவி, கல்லை நனைத்து, நீற்றிய சுண்ணாம்பு ஒன்றுக்கு உப்பில்லாத மணல் மூன்று என்ற சாந்தை அமுக்கி நிரப்பி, ஈரச் சாக்கால் மூடி வைக்க வேண்டும். வெயிலில் விட்டால் பொடியாகும். சுவரில் ஆலோ அரசோ முளைத்திருந்தால் பிடுங்கவே கூடாது. வேரோடு கல்லும் வரும். அடியில் வெட்டி, துளிர்க்கத் துளிர்க்க வெட்டி, வேர் செத்த பிறகே மூட்டைத் திறக்க வேண்டும்.

அடுத்தது தாம்போதிகள், அதாவது கடலை நிரப்பிப் போட்ட வீதிகள். பண்ணை, பொன்னாலை–காரைநகர், வேலணையையும் புங்குடுதீவையும் இணைக்கும், வாணர் சகோதரர்களின் பெயர் தாங்கிய வாணர் தாம்போதி, மூன்றுக்கும் அடிப்படை ஒன்றுதான். ஆழமில்லாத பரவைக் கடலில் தூண் நட்டுப் பாலம் கட்டுவதைவிடக் கல்லும் மண்ணும் போட்டு நிரப்பி, நீர் போய்வர இடைக்கிடை கண் விடுவது மலிவு. மலிவின் விலை பிறகு தெரியும். கண்கள் போதாவிட்டால் இருபக்க நீரும் கலக்காமல் சேறு படியும், மீன் வரத்துக் குறையும். விட்ட சில கண்களிலோ முழு நீரோட்டமும் நெருங்கிப் பாய்ந்து தூணடி மண்ணை அரிக்கும். பாலம் மேலே பளபளப்பாக இருக்க, கால் வெறுமையில் நிற்கும். கார்த்திகை, மார்கழியில் மாரி நீர் பாய்ந்து ஓடும்போதே அரிப்பு அதிகம். பள்ளம் பின்னர் இளஞ்சேற்றால் மூடிக்கொள்வதால் கோடையில் பார்ப்பவர் ஏமாறுவார். ஆகவே ஆழம் பார்க்கும் கயிற்றில் கனமான, கூரான குண்டு வேண்டும். தட்டையான குண்டு இளஞ்சேற்றிலேயே நின்றுவிடும். 25 சென்ரிமீற்றருக்கு ஒரு முடிச்சு. ஒவ்வொரு தூணின் இருபுறமும், நடுக்கண்ணிலும் விட்டு எழுத வேண்டும். ஒருவர் கயிறு, ஒருவர் எழுத்து, ஒருவர் வாகனம் பார்க்க. மூவர் இல்லாமல் இதைச் செய்யக் கூடாது. அடுத்த பந்திகளில் இதை நினைவில் வைத்திருக்கவும்.

கொங்கிறீற்றுப் பாலங்களையும் விடவில்லை. உப்புக் காற்றும் சிதறும் நீரும் கொங்கிறீற்றுக்குள் புகுந்து கம்பியைத் தொட்டால் கறள் (துரு) பிடிக்கும். கறள் இரும்பைவிடப் பல மடங்கு இடம் கேட்பதால் கம்பியின் வழியே நேர்கோட்டில் வெடிப்பு விழும். மண்ணிறக் கறை, பிறகு பொருக்கு. நீர் எப்போதும் மூடியிருக்கும் பகுதியைவிட நனைந்து காயும் பகுதியே முதலில் போகும். சின்னச் சுத்தியலால் தட்டிக்கொண்டு போனால் பொருக்கு விட்ட இடம் பொள் என்று கேட்கும். அதன்மேல் சாந்து பூசுவது அடுத்த மாரிவரைக்கும்தான். கம்பிக்குப் பின்னால் இரு சென்ரிமீற்றர்வரை உடைத்து, பளிச்சென்று வரும்வரை கறளைச் சுரண்டி, மெலிந்த கம்பிக்குப் பக்கத்தில் புதுக் கம்பி கட்டிய பிறகே நிரப்ப வேண்டும்.

கேரதீவுக்கும் சங்குப்பிட்டிக்கும் இடையே பாதை (வாகனம் ஏற்றும் மிதவை) ஓடிய இடத்தில் 2011 சனவரி 16இல் திறந்த பாலம் 288 மீற்றர். மன்னார்த் தாம்போதியில் 1930இல் கட்டிய பாலம் 1990இல் தகர்க்கப்பட்டு, புதியது 2010இல் திறக்கப்பட்டது. இவை மரபுரிமை ஆகுமா என்று ஒருவர் கேட்டார். ஐம்பது ஆண்டு கழித்து ஆகும். அப்போது தொடக்க அளவு யாரிடமும் இராது. போருக்குப் பின் இடைக்காலத்துக்கு என்று போட்ட பெய்லி வகை இரும்புப் பாலங்களுக்கும் இதுவே பதில். பத்தடி நீளத் தட்டி ஒன்று சுமார் 260 கிலோ; ஆறு பேர் தூக்கி ஊசியால் கோத்துக்கொண்டே போகலாம். ஒரு பக்கத்தில் எத்தனை வரிசை, எத்தனை அடுக்கு என்பதைக் கட்டாயம் எழுதுங்கள், பலம் அதில்தான். ஊசி வெளியே வராமல் தடுக்கும் சிறு கிளிப்பு இருக்கிறதா என்றும் பாருங்கள். பலகைத் தளத்தின் ஆணி கழன்று வண்டி போகும்போது சத்தம் கேட்டால் அதையும் குறியுங்கள்.

தொண்டைமானாறு தனி வகை. மேலே வீதி, கீழே கதவுள்ள தடுப்பணை. கடல் உள்ளே வராமலும் மாரி நீர் வெளியே போகாமலும் வைத்து, உள்ளேயுள்ள கடலேரியை மெல்ல நன்னீராக்குவது நோக்கம். பொறியியலாளர் ஆறுமுகம் அவர்கள் முன்வைத்த குடாநாட்டு ஆற்றுத் திட்டத்தில் அது முக்கிய கண்ணி. கடும் மழையில் கதவு மூடியிருந்தால் வயல் மூழ்கும். மழை ஓய்ந்தபின் மூடப் பிந்தினால் சேர்ந்த நீர் கடலுக்குப் போகும். கதவு ஒழுகினால் இரண்டு கணக்கும் பிழைக்கும். எங்கள் தாளில் இதற்கு ஏற்ற கட்டம் இல்லை. வல்லைப் பாலத்தோடு சேர்த்து இதை அடுத்த ஆண்டுக்கு விட்டிருக்கிறோம்.

வேலை ஏன் பாதியில் நிற்கிறது என்றால், ஆள் இல்லை. சனிக்கிழமை அளவெடுப்புக்கு வட்ஸ்அப் குழுவில் கைகூப்பும் படம் போட்டவர்கள் பலர். வந்தவர்கள் பெரும்பாலும் ஒரே மூன்று பேர். அவர்களில் ஒருவர் இன்னும் அங்கத்தவரே இல்லை. தாம்போதி அளவுக்கு மூவர் சேராமல் திரும்பியதும் உண்டு. கல்யாணம், அந்தியேட்டி, பிள்ளையின் ரியூசன், எல்லாம் நியாயமான காரணங்கள்தான். ஆனால் ஒன்பது வளைவுப் பாலத்துக்குச் சுற்றுலா பஸ் எப்போது என்று அதே குழுவில் கேட்பவர்களுக்கு அந்தச் சனிக்கிழமைகளில் அலுவல் இருப்பதில்லை. சங்கத்தின் 30 மீற்றர் அளவுநாடா ஓர் அங்கத்தவர் காணி அளக்க வாங்கியது, இன்னும் வரவில்லை. பெயர் சொல்லவில்லை. வேலிப் பிரச்சினை முடிந்திருக்கும் என நம்புகிறேன்.

கணக்கறிக்கையைப் பொருளாளர் தனியே சமர்ப்பிப்பார். சுருக்கமாக: வரவு சந்தாவும் ஒருசில நன்கொடையும், செலவு மண்டபம், தேநீர், அச்சு, போக்குவரத்து. கையில் உள்ள மீதி சென்ற ஆண்டைவிடக் குறைவு. பாலப் பதிவேட்டுக்குப் பணம் கரைந்தது என்று சொல்லப்படுவது சரியல்ல. தேநீருக்கும் சிற்றுண்டிக்கும் போனதுதான் அதிகம், பற்றுச்சீட்டுகள் கோப்பில் உள்ளன. அங்கத்தவர்களில் பாதிக்கு மேற்பட்டோரின் சந்தா நிலுவையில் நிற்கிறது. வெளிநாட்டில் இருப்பவர்கள் ஒழுங்காகக் கட்டுகிறார்கள். மண்டபத்துக்கு அடுத்த ஒழுங்கையில் இருப்பவர்களிடம்தான் நினைவூட்ட வேண்டியிருக்கிறது.

மண்டபம் தந்தவர்களுக்கும், உரையாற்றியவர்களுக்கும், கணக்காய்வாளருக்கும், ஒலிபெருக்கி தந்த அன்பருக்கும், தேநீர் தயாரித்த மகளிருக்கும் சங்கத்தின் நன்றி உரித்தாகுக.

அடுத்த ஆண்டுக்கு நிர்வாக சபை ஏற்ற திட்டம்: ஆவணி முதல் புரட்டாதி கடைசிவரை மதகுகள், மாரி ஓய்ந்ததும் தாம்போதிகளின் ஆழம். அகலிப்புக்கு அடையாளக் கட்டை நட்ட வீதிகள் முதலில். பதிவுத் தாள்கள் அச்சடித்து மேசையில் வைக்கப்பட்டுள்ளன. ஒருவர் தம் ஊர் வீதியில் உள்ள இரண்டு மதகை மட்டும் எடுத்துக்கொண்டாலே போதும். ஒரு பின்னேர வேலை. தாளுக்குப் பக்கத்தில் சந்தாப் பற்றுச்சீட்டுப் புத்தகமும் இருக்கிறது. இரண்டுக்கும் ஒரே வரிசைதான். செயலாளர் பதவிக்கு வேட்புமனு எதுவும் இதுவரை வரவில்லை என்பதையும் சபைக்கு அறியத் தருகிறேன். யாராவது முன்வந்தால் கோப்பு, ஆழக்கயிறு, சுத்தியல் மூன்றையும் இன்றே ஒப்படைக்க ஆயத்தமாக இருக்கிறேன். வராவிட்டால் யாப்பின்படி நானே தொடர்வேன். அப்படியானால் சனிக்கிழமை அளவெடுப்பும் தொடரும்.

இவ்வண்ணம்,
செயலாளர்
யாழ்ப்பாணம்