முக்கால் பங்கு எடுத்த பூமி

அஸ்தம்பட்டி, சேலம்

அன்புள்ள தங்கவேலு,

உன் கடிதம் கிடைத்தது. மகள் பாரிஸ் புறநகரில் வீடு பார்த்திருக்கிறாள், அங்கே நிலம் உள்வாங்கும் என்று யாரோ சொல்லிவிட்டார்கள், உனக்குத் தூக்கம் போய்விட்டது. வெள்ளைக்கல் (மேக்னசைட்) சுரங்கத்தில் சர்வேயராக இருந்தவன் என்பதால் என்னைக் கேட்டிருக்கிறாய். விவரமாகவே எழுதுகிறேன்.

நம் ஊர்ச் சுரங்கம் வானம் பார்த்த குழி. தோண்டிய இடம் கண்ணுக்குத் தெரியும். அங்கேயோ கட்டடக் கல்லையும் சுண்ணாம்பையும் பூமிக்குள்ளேயே அறை அறையாக வெட்டியெடுத்து, இடையில் தூண்களை மட்டும் விட்டுவைத்தார்கள். முக்கால் பங்கை எடுத்துவிட்டால், மிஞ்சிய கால் பங்கின்மேல் நான்கு மடங்கு பாரம் ஏறுகிறது. சேர்வராயன் மலையின் சார்னோக்கைட் என்ற கடினமான பாறை சதுர சென்டிமீட்டருக்கு 1,000 கிலோவுக்கு மேல் தாங்கும். மென்மையான சுண்ணாம்புப் பாறை அதில் பத்தில் ஒரு பங்குகூடத் தாங்காது. நீர் ஊறினால் அதிலும் பாதி போய்விடும்.

"நூறு வருடம் நின்றதே, இனி விழுமா?" என்பார்கள். அந்தப் பேச்சை நம்பாதே. தூணின் பக்கங்கள் மெல்ல உரிந்துகொண்டே இருக்கின்றன. ஒன்று நசுங்கினால் அதன் சுமை அடுத்தவற்றின் மேல் விழும். 1961 ஜூன் 1 அன்று பாரிஸ் புறநகரான கிளாமார் பகுதியில் சுண்ணாம்புத் தூண்கள் நொறுங்கி, மேலே இருந்த வீடுகளோடு நிலம் இறங்கியது; 21 பேர் இறந்தார்கள்.

தனிக் குழி விழுவது வேறு விதம். கூரை உதிர உதிரப் பொந்து மேலே ஏறும். உடைந்த கல் முன்னைவிட அதிக இடம் பிடிக்கும் என்பதால், மேலே போதிய கனத்துக்குப் பாறை இருந்தால் பொந்து தானே அடைபட்டு நின்றுவிடும். மேற்பாறை மெல்லியதாக இருந்தால்தான் தெருவில் வாய் திறக்கும்.

1774-இல் பாரிஸில் ஒரு தெரு அப்படி உள்ளே போன பிறகு, 1777-இல் சுரங்கங்களைக் கண்காணிக்கத் தனி அலுவலகம் அமைத்தார்கள். நிலத்தடியை அளந்து வரைபடம் போட்டு, தெருக்களுக்கு அடியில் முட்டுச்சுவர் எழுப்பினார்கள். அந்த அலுவலகம் இன்றும் இயங்குகிறது. இங்கே பழைய குழிகளில் மண்ணைக் கொட்டி மனை பிரிப்பதற்கு முன் அப்படியொரு வரைபடம் இருக்க வேண்டும் என்று எனக்குப் பெரும் ஆதங்கம்.

முன்பணம் கொடுக்கும் முன் மகளை அந்த அலுவலகத்தில் விசாரிக்கச் சொல். வரைபடப் பிரதி கிடைத்தால் எனக்கும் அனுப்பு. ஆழமும் தூண் அகலமும் தெரிந்தால் உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்க்கிறேன்.

அன்புடன்,
கந்தசாமி